கடற்கரை நடத்தும் நாய்ப் பள்ளி

போர்ட் பிளேரிலிருந்து (2024-ல் ஸ்ரீ விஜயபுரம் ஆகிவிட்டது, வாயில் வருவது பழைய பெயர்தான்) ரங்கத் போகிற பயணம் விடியுமுன்பே தொடங்கிவிடுகிறது. ஜிர்காடாங் சோதனைச் சாவடியில் வண்டிகள் வரிசைகட்டிக் காத்திருந்து, போலீஸ் காவலோடு ஜாரவா காப்பகத்துக்குள் நுழைகின்றன. வழியில் நிறுத்தக் கூடாது, படம் பிடிக்கக் கூடாது. காட்டையும் நீரிணையையும் தாண்டி மத்திய அந்தமானை அடையும்போது முதுகு சொன்ன பேச்சைக் கேட்பதில்லை.

ரங்கத்துக்கு அப்பால், கிழக்குக் கரையில் கத்பர்ட் விரிகுடா. ஆமைகளுக்கான சரணாலயம். குளிர்கால இரவுகளில் ஆலிவ் ரிட்லி ஆமைகள் (நம் மீனவர்கள் சொல்லும் பங்குனி ஆமை) இங்கே கரையேறி, ஒரு குழியில் சுமார் 100 முட்டைகள் இட்டு, மண்ணைத் தள்ளி மூடிவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் கடலுக்குள் போய்விடும். ஏறக்குறைய 45 முதல் 60 நாட்களில் குஞ்சுகள் வரவேண்டும்.

அதிகாலையில் நடந்தால் மணலில் இரண்டு வகைத் தடங்கள். ஒன்று, துடுப்புக் கால்கள் இழுத்துப்போன அகலமான கோடு. இன்னொன்று, அதை ஒட்டியே வரும் நாலுகால் தடம். இரண்டும் சந்திக்கும் இடத்தில் சில நாள் பள்ளம் இருக்கும். சுற்றிலும் சுருங்கிய காகிதம் போல முட்டை ஓடுகள். வேலை நாயுடையது.

அந்தமானுக்கு நாய் புதுசு. 1858-ல் ஆங்கிலேயர் கைதிகள் குடியிருப்பை நிறுவும்வரை பூர்வகுடிகளிடம் நாய் கிடையாது. வந்த சில பத்தாண்டுகளுக்குள் கிரேட் அந்தமானியர்கள் அதை வேட்டைத் துணையாக்கிக்கொண்டார்கள். லிட்டில் அந்தமானின் ஓங்கேக்களும் அப்படியே. வில்லோடு பதுங்கிப் பதுங்கிப் போனவர்களுக்கு, காட்டுப்பன்றியை வளைத்து நிறுத்திக் குரைக்கும் கூட்டாளி கிடைத்தது. ஜாரவாக்கள் மட்டும் அதற்குப் பிறகும் நெடுங்காலம் நாயில்லாமலே பன்றி வேட்டையாடினார்கள்.

ஓங்கே நாய்க்குப் பயிற்சிப் பள்ளி ஏது? பன்றி விழுந்தால் வாய்க்குக் கொஞ்சம் கிடைக்கும்; அவ்வளவுதான் பாடத்திட்டம். வெகுமதி தந்து பழக்கும் முறை என்று இன்று நகரத்துப் பயிற்சியாளர்கள் கட்டணம் வாங்கிச் சொல்லித்தருவதன் சாரமும் இதுவே. 1963-ல் ஹவாயில் டால்ஃபின்களைப் பழக்கத் தொடங்கிய கேரன் பிரையருக்கு ஒரு சிக்கல் இருந்தது: நீந்திப் போய்விடுகிற பிராணியை அடித்துத் திருத்த முடியாது. சரியாகச் செய்த அந்தக் கணத்திலேயே ஒரு விசில், பிறகு ஒரு மீன். அதுவே நாய்களிடம் வந்தபோது விசிலுக்குப் பதில் 'கிளிக்' என்று ஒலிக்கும் சிறு டப்பா. 1978-ல் லண்டன் கிரஃப்ட்ஸ் கண்காட்சியில் இடைவேளை வேடிக்கையாகத் தொடங்கி உலகெங்கும் பரவிய தடைதாண்டும் நாய் விளையாட்டிலும் இன்று பெரும்பாலோர் கையில் இருப்பது பிரம்பல்ல, தின்பண்டம்.

நமக்கோ, நாயைக் குளிப்பாட்டி நடுவீட்டில் வைத்தாலும் அது திருந்தாது என்று பழமொழி. ஆனால் நாய் படிக்காமல் இல்லை. யார் கூலி கொடுக்கிறார்களோ அவரிடம் படிக்கிறது. கத்பர்ட் கரையில் கூலி கொடுப்பது மணல். மோப்பம் பிடி, தோண்டு, தின்னு. கட்டளையும் இல்லை, கயிறும் இல்லை. ஒவ்வொரு கூடும் ஒரு தேர்ச்சி. எந்தப் பயிற்சியாளரும் இவ்வளவு தாராளமாகக் கொடுப்பதில்லை. கல்லால் அடித்தால், அடிக்கிற ஆள் இருக்கும்போது வரக் கூடாது என்பதை மட்டும் நாய் கற்றுக்கொள்கிறது. ஆமை வருவதோ ஆளில்லாத இரவில்.

ஆகவே கூலியை நிறுத்த வேண்டும். வனத்துறை இங்கே முட்டைகளை எடுத்து வேலியிட்ட பொரிப்பகத்தில் புதைத்துக் காப்பது அதற்குத்தான். கூட்டின்மேல் கம்பிவலை பதிப்பதும் ஒரு வழி. குஞ்சு நுழையும், நாய் நுழையாது. கரையோரக் குடியிருப்புகளில் மீன் கழிவு கிடக்கும்வரை நாய்களும் பெருகும் என்பது இன்னொரு பக்கம். கொன்று தீர்க்கச் சட்டம் இடம் தரவில்லை. கருத்தடைதான் வழி, அதற்குப் பொறுமை வேண்டும்.

இதே மூக்கை மறுபக்கமாகத் திருப்பியவர்களும் உண்டு. அமெரிக்காவின் டெக்ஸாஸில், பாட்ரே தீவுக் கடற்கரையில், கெம்ப் ரிட்லி ஆமைக் கூடுகளைத் தேடும் குழுவில் ரிட்லி என்றே பெயர்கொண்ட ஒரு கேர்ன் டெரியர் வேலை பார்த்தது. காற்று தடத்தை அழித்துவிட்டு மனிதர்கள் கைவிரித்த இடத்தில், முட்டை புதைந்த புள்ளியை அது காட்டியது. வாசனை அதே முட்டை வாசனைதான். கூலி மட்டும் வேறு கையிலிருந்து வந்தது.

கத்பர்ட்டில் அப்படியொரு நாயைப் பழக்கினால் என்ன என்று கேட்கத் தோன்றுகிறது. ஓங்கேக்கள் ஒரு தலைமுறையில் செய்துகாட்டியதைவிட இது பெரிய வித்தை அல்ல. ஆனால் அரசுக் கோப்பில் நாய்க்கு பிஸ்கட் வாங்க எந்தத் தலைப்பில் பணம் ஒதுக்குவார்கள் என்று யோசித்தபடி திரும்பி நடந்தேன். பொரிப்பக வேலிக்கு வெளியே செவலை நாய் ஒன்று முன்னங்கால்களை நீட்டிப் படுத்து, மூக்கை மட்டும் கம்பி இடுக்கில் வைத்திருந்தது.