அடுப்புக்கு எப்போது விடுமுறை?

பாரிஸ் நகரில் வாழும் என் தங்கை மகள் சென்ற மாதம் தொலைபேசியில் பேசினாள். விடுமுறைக்குக் குடும்பத்தோடு லுவார் ஆற்றங்கரையில் ஒரு கிராமத்துக்குப் போய் வந்தார்களாம். ஓட்டல் இல்லை, பழைய கல் வீடு ஒன்றை ஒரு வாரத்துக்கு வாடகைக்கு எடுத்துத் தாங்களே சமைத்துச் சாப்பிட்டிருக்கிறார்கள். “கிராமத்துல நமக்கு ஆகுமான கறி எங்க மாமா கிடைக்கும்? மசாலா, அரிசி, சட்டியெல்லாம் கார்லயே ஏத்திக்கிட்டோம். அம்மா சொல்ற உங்க ஒகேனக்கல் கதை மாதிரியே இருந்துச்சு” என்றாள்.

பிரான்சு நாட்டில் இத்தகைய வீடுகளை ‘ஜீத்’ என்று அழைக்கிறார்கள். அதன் வரலாறு சுவையானது. உழைப்பாளருக்கு ஆண்டில் இரண்டு வாரம் சம்பளத்தோடு விடுமுறை என்று 1936இல் அந்நாடு சட்டம் செய்தது. 1956இல் அது மூன்று வாரமாயிற்று. விடுமுறை கிடைத்தது, ஆனால் எளிய குடும்பங்கள் எங்கே போய்த் தங்குவது? மறுபுறம், பிழைப்புத் தேடி மக்கள் நகரங்களுக்குச் சென்றுவிட, கிராமங்களில் வீடுகள் பூட்டிக் கிடந்தன. அவற்றைச் செப்பனிட்டுக் குறைந்த வாடகைக்கு விட்டால், உழவருக்கும் வருவாய், நகரத்துக் குடும்பத்துக்கும் நல்ல காற்று என்ற எண்ணத்தில் பிறந்தவையே ஜீத்கள். 1955இல் அவற்றுக்கென ஒரு கூட்டமைப்பும் எழுந்தது.

இதையெல்லாம் எண்ணிக்கொண்டிருந்தபோதுதான், அவளிடம் கேட்க வேண்டிய ஒரு கேள்வியைக் கேட்க மறந்துவிட்டது நினைவுக்கு வந்தது. அந்தக் கேள்வி என் உள்ளத்தில் ஊன்றியது 1978ஆம் ஆண்டு மே மாதம், ஒகேனக்கல்லில்.

எனக்கு அப்போது பன்னிரண்டு வயது. தருமபுரியில் ஒரு புளி மண்டியில் அத்தா கணக்கெழுதி வந்தார். புளி வரத்து ஓய்ந்த காலம் பார்த்து முதலாளி நான்கு நாள் விடுப்புக் கொடுத்தார். அத்தா, அம்மா, அம்மாவைப் பெற்ற நன்னி, நான், தங்கை, தம்பி ஆக ஆறு பேர் புறப்பட்டோம். பென்னாகரத்து வியாபாரி ஒருவர் மூலமாக அருவிக்குப் பக்கத்தில் ஓர் ஓட்டு வீடு கிடைத்தது. வெளியில் சாப்பிடும் வசதியும் எங்களுக்கு இல்லை. யார் அறுத்தார்கள் என்று அறியாத இறைச்சியை உண்ணும் வழக்கமும் இல்லை. எனவே அடுக்களையே எங்களோடு பஸ் ஏறியது. அரிசி, பருப்பு, சம்பாப் பொடி போல் இடித்த மிளகாய்த் தூள், மண்டியிலிருந்து கொட்டை நீக்கிய புளி, மண்ணெண்ணெய் ஸ்டவ், இரண்டு சட்டி, ஓர் அண்டா! மூட்டைகளைப் பஸ்ஸின் கூரைமேல் ஏற்றியபோது, “குடி போறீங்களா பாய்?” என்று கண்டக்டர் கேட்டார்.

தருமபுரியிலிருந்து ஒகேனக்கல் சுமார் 46 கிலோமீட்டர். பென்னாகரம் தாண்டினால் காடு. வளைந்து வளைந்து இறங்கும் மலைப்பாதை. இறங்கியதும் முதலில் நம்மை எதிர்கொள்வது நீரின் ஓசைதான். பாறையில் மோதிய நீர் துளித்துளியாய் எழுந்து புகைபோல் நிற்பதால், கன்னடத்தில் ‘புகையும் கல்’ என்று பொருள்படும் பெயர் இந்த இடத்துக்கு ஏற்பட்டது. எதிர்க்கரை கர்நாடகம். இங்கே விழுந்து ஓடும் காவிரிதான் கீழே 1934இல் கட்டி முடிக்கப்பட்ட மேட்டூர் அணையில் போய்த் தேங்குகிறது. இங்குள்ள கார்பனடைட் பாறைகளுக்கு ஏறத்தாழ 240 கோடி ஆண்டு வயதென்று நிலவியலார் கூறுகின்றனர். அல்லாஹ்வின் படைப்பில் அத்தனை முதுமையான ஒன்றின்மீது ஏறி நின்று நானும் தம்பியும் தின்றது வேர்க்கடலை.

முதல் இரண்டு நாட்கள் எங்களுக்குப் பெருநாளாகக் கழிந்தன. விடிந்ததும் அத்தா எங்களை ஆற்றுக்கு அழைத்துச் சென்றுவிடுவார். எண்ணெய் தேய்த்துவிடுபவர்கள் பாறைகளில் ஆட்களைக் கிடத்தி, உடம்பைத் தட்டி எடுக்கும் காட்சியை வேடிக்கை பார்ப்போம். அருவியில் நிற்போம். பசியோடு திரும்பினால் இடியாப்பம் ஆவி பறக்கும். மதியம் திரும்பினால் சோறும் மீன் ஆணமும். இரவில் ராகிக் களி.

அம்மா அருவியைப் பார்க்கவில்லை. அதை நாங்கள் யாரும் கவனிக்கவில்லை என்பதுதான் உண்மை. அவர் அதற்காக வருந்தியதாகவும் காட்டிக்கொள்ளவில்லை. அவருடைய மகிழ்ச்சியெல்லாம் வேறொன்றில் இருந்தது. எங்கள் வீட்டுக் கிணற்று நீர் கடினமானது. துவரம் பருப்பு வேகவே வேகாது. இங்கே ஆற்று நீரில் பருப்பு நொடியில் குழைந்துவிட்டது. “தண்ணியா இது, பாலு!” என்று வருவோர் போவோரிடமெல்லாம் சொன்னார். எங்கள் மாவட்டத்து நிலத்தடி நீரில் கடினத்தோடு ஃபுளோரைடும் மிகுந்திருந்ததையும், ஊரில் பலருடைய பற்களில் படிந்த பழுப்புக் கறைக்கு அதுவே காரணம் என்பதையும் நான் பின்னாளில்தான் அறிந்துகொண்டேன். அம்மா வாயை மூடியே சிரிப்பதற்கும் அந்தக் கறைதான் காரணம்.

மூன்றாம் நாள் காலை நன்னி வாய் திறந்தார். அந்நாளில் மாமியார் மருமகனிடம் நேராகப் பேசுவதில்லை. ஆகவே அத்தாவின் காதில் விழும்படி என்னைப் பார்த்துச் சொன்னார்: “பேராண்டி, உங்கத்தாகிட்டக் கேளு. மண்டிக்காரரு அவருக்கு லீவு கொடுத்தாரு. பள்ளிக்கூடத்துல உங்களுக்கு லீவு கொடுத்தாங்க. எம்மகளுக்கு லீவு கொடுக்க வேண்டியது யாரு?”

அம்மா பதறிப்போய், “சும்மா இரும்மா” என்றார். அத்தா ஒன்றும் பேசவில்லை. சட்டையை மாட்டிக்கொண்டு வெளியே போனவர், அரைமணி நேரத்தில் ஒரு பெரிய கட்லா மீனோடு திரும்பினார். அம்மா அரிவாள்மனையை எடுக்கக் குனிந்தார். “அதை வச்சிட்டு, எல்லாரும் கிளம்புங்க” என்றார் அத்தா.

ஒகேனக்கல்லுக்குப் போனவர்கள் அறிவார்கள். மீனை நாம் வாங்கிக் கொடுத்தால், ஆற்றங்கரையில் அடுப்பு மூட்டியிருக்கும் பெண்கள் கூலி பெற்றுக்கொண்டு குழம்பும் வறுவலும் செய்து தருவார்கள். மீனாகையால் அறுப்பைப் பற்றிய கேள்வி எழவில்லை. சட்டி எங்களுடையது, மிளகாய்த் தூளும் புளியும் எங்களுடையவை. அவற்றை ஓர் அம்மையாரிடம் ஒப்படைத்துவிட்டு அத்தா எங்களைப் பரிசல் துறைக்கு அழைத்துப் போனார்.

மூங்கிலை வட்டமாகப் பின்னி அடியில் நீர் புகாதபடி போர்த்திய ஒரு பெரிய கூடை, அதுதான் பரிசல். முற்காலத்தில் தோல் போர்த்தினார்கள். பிறகு பிளாஸ்டிக் தாள் வந்தது. ஏறும்போது நன்னி கலிமாவை ஓதினார். அம்மா அத்தாவின் கையைப் பிடித்துக்கொண்டார். எங்கள் கண் முன்னே அவர் அப்படிச் செய்தது அதுவே முதல் முறை. இருபுறமும் உயர்ந்த பாறைச் சுவர்களுக்கிடையே சென்றபோது, அருவியின் தூவல் எங்கள்மேல் படிந்தது. பரிசல்காரர் துடுப்பை ஒரு சுழற்றுச் சுழற்ற, பரிசல் தட்டாமாலை சுற்றியது. அம்மா வாயை மூட மறந்து சிரித்தார்.

கரை திரும்பியபோது குழம்பு கொதித்துக்கொண்டிருந்தது. பாறை நிழலில் இலை விரித்து அத்தா தம் கையால் பரிமாறினார். முதல் இலை அம்மாவுக்கு. அம்மாவால் உட்கார்ந்திருக்க முடியவில்லை. இரண்டு முறை எழப்போனார்; இரண்டு முறையும் நன்னி முந்தானையைப் பிடித்து இழுத்தார். ஒரு வாய் தின்றுவிட்டு, “உப்பு கொஞ்சம் தூக்கல்” என்றார். எல்லோரும் சிரித்தோம்.

அதன்பின் அம்மா அந்தச் சமையல்காரப் பெண்ணைப் பார்த்து, “நீ பரிசல்ல போயிருக்கியா?” என்று கேட்டார். “எங்கக்கா? அடுப்ப விட்டுட்டுப் போனா சோத்துக்கு என்ன செய்யறது?” என்றாள் அவள். அருவியிலிருந்து கூப்பிடு தூரத்தில் வாழ்கிற பெண்! அம்மா பேசாமல் இன்னோர் இலையை விரித்து, மீனின் நடுத்துண்டை அதில் வைத்து, அவளைப் பக்கத்தில் அமர்த்திக்கொண்டார். எங்கள் அம்மாவுக்குக் கிடைத்த ஒருநாள் விடுப்பை இன்னொரு பெண் தன் அடுப்படியில் நின்று கொடுத்திருக்கிறாள் என்பது எனக்குப் புரிய வெகுகாலம் ஆயிற்று. அம்மாவுக்கு அது அந்தக் கணத்திலேயே புரிந்திருந்தது.

1936இல் பிரான்சு உழைப்பாளருக்கு விடுமுறை தந்த சட்டம் ஆலையையும் அலுவலகத்தையும் பார்த்தது. அடுக்களைப் பக்கம் அது திரும்பவில்லை. வேறெந்த நாட்டுச் சட்டமும் திரும்பியதாக நான் அறியேன். பெருமானார் (ஸல்) அவர்கள் தம் செருப்பைத் தாமே தைத்தார்கள், வீட்டு வேலைகளில் துணைவியருக்கு உதவினார்கள் என்று மீலாது மேடைகளில் கேட்டு மகிழ்கிறோம். கேட்டுவிட்டு வீட்டுக்கு வந்து, “சோறு ஆச்சா?” என்கிறோம்.

காவிரி நீர் எங்கள் ஊர்க் குழாய்களுக்கு வந்து சேர இன்னும் 35 ஆண்டுகள் ஆயின. ஜப்பானியக் கடனுதவியோடு நிறைவேறிய ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் 2013இல் தொடங்கி வைக்கப்பட்டது. தள்ளாத வயதிலும் அம்மா அடுக்களைக்குள் வந்து பருப்பைக் கரண்டியால் மசித்துப் பார்த்தார். “வெந்துருச்சு” என்றார். மறு ஆண்டில் வஃபாத்தானார்.

சென்ற வெள்ளிக்கிழமை தங்கை மகள் மீண்டும் பேசினாள். மறந்துபோன கேள்வியைக் கேட்டேன்: “அந்தக் கல் வீட்டில் யாரம்மா சமைத்தது?”

சிறிது நேரம் பேச்சில்லை. “நான்தான் மாமா. ரெண்டு நாள் ஆத்தையே பாக்கல. அப்புறம் நன்னியம்மா சொன்னது ஞாபகம் வந்துச்சு. மூணாம் நாள் கரண்டிய அவர் கையில கொடுத்துட்டு நான் ஆத்தங்கரைக்குப் போயிட்டேன்.”

“சாப்பாடு எப்படி?”

“சோறு அடிப்பிடிச்சிருச்சு மாமா. நல்லாத்தான் இருந்துச்சு.”