நதி யாருக்குரியது?

புவியியலாசிரியர் வராத ஒரு நாளில் அவரது வகுப்பை நாம் ஏற்க நேர்ந்தது. சுவரிலே தொங்கிய ஐரோப்பியப் படத்தின் உச்சியில், நோர்வேயின் வடகோடியில் ஓடிய நீலக்கோடொன்றைச் சுட்டி, “இந்நாட்டினர் ஆறுகளை மின்சாரமாக்கினர், அதனால் முன்னேறினர்” என்றோம். “அந்த ஆற்றங்கரையில் யார் இருக்கிறார்கள், சேர்?” என்று ஒரு மாணவி கேட்டாள். எமக்கு விடை தெரியவில்லை. வீடு சென்று தேடிப் படித்த பின்னரே எமது கூற்றின் குறை புலனாயிற்று.

அந்நீலக்கோடு அல்டா நதி. பின்மார்க் மேட்டுநிலத்திலிருந்து கௌத்தோகெய்னோ, மாசி என்னும் ஊர்களைக் கடந்து வடக்கு நோக்கி ஓடி, சௌத்சோ என்னும் ஆழ்ந்த மலையிடுக்கினூடாக இறங்கி, அல்டா நகரருகே நுழைகழியொன்றிற் கலக்கின்றது. ஏறக்குறைய 70 பாகை வட அகலக்கோட்டிலே அமைந்திருந்தும் அதன் பள்ளத்தாக்கிற் பைன் மரங்கள் செழித்து நிற்கின்றன. அந்நதியிற் பிறக்கும் சால்மன் மீன் சில ஆண்டுகள் அங்கேயே வளர்ந்து, கடலுக்குச் சென்று பருத்து, முட்டையிடத் தான் பிறந்த நதியையே நாடி மீளும். 20 கிலோகிராமுக்கு மேல் நிறைகொள்வனவும் அவற்றுள் உள. பனிமான் மந்தைகளோ மாரியில் உள்நாட்டு மேட்டுநிலத்திலே மேய்ந்து, வேனிலிற் கடற்கரையை நாடிச் செல்லும்.

அம்மந்தைகளோடு வாழ்வோர் சாமி இனத்தவர். பழைய நூல்கள் இவர்களை லாப்பர் என்றன. அது பிறர் சூட்டிய, அவர்கள் வெறுக்கும் பெயர். நுழைகழியோரப் பாறைகளிலே பனிமானும் கரடியும் படகும் செதுக்கப்பட்டுள்ளன. அவற்றுள் மிகப் பழையவை ஏறக்குறைய 7000 ஆண்டுத் தொன்மையுடையன.

இந்நதியை மறித்து அணை கட்ட 1978இல் நோர்வேப் பாராளுமன்றம் தீர்மானித்தது. முதலில் வரைந்த திட்டத்தின்படி மாசிக் கிராமமே நீரில் மூழ்கவிருந்தது. எதிர்ப்பு எழுந்தபின் அப்பகுதி கைவிடப்பட்டது. 1979இல் சாமி இளைஞர் ஒஸ்லோவிலே பாராளுமன்றத்தின் முன் உண்ணாவிரதமிருந்தனர். 1981 ஜனவரியில், சங்கிலியாற் பிணைந்து வழிமறித்தோரை அகற்ற ஏறக்குறைய 600 பொலிசார் அனுப்பப்பட்டனர். 1982இல் உயர் நீதிமன்றமும் அரசாங்கத்தின் பக்கமே தீர்ப்பளித்தது. 1985இல் அப்பாறைச் சித்திரங்கள் உலக மரபுரிமைச் சின்னமாயின. 1987இல் மின்நிலையம் திறக்கப்பட்டது. பின்னர் சௌத்சோப் பகுதியிற் சால்மன் குஞ்சுகள் அருகின.

எம்மை உறுத்துவது யாதெனின், திட்டம் நிறைவேறிய 1978இலும் பொலிசார் அனுப்பப்பட்ட 1981 ஜனவரியிலும் அங்கு ஆட்சியிலிருந்தது முதலாளிகளின் கட்சியன்று; தொழிற்கட்சியே! 1981இற் பிரதமராயிருந்த அக்கட்சியின் புருண்ட்லாண்ட் அம்மையாரே, அவ்வணை அவசியமற்றது என்று 1990இல் ஒப்புக்கொண்டார்.

மின்சாரத்தை நாம் வெறுப்போமல்லோம். ஏழை வீட்டு விளக்கின் அருமையை நாம் அறிவோம். ஆயின், பெரும்பான்மையின் நலத்தைக் கணக்கிடுங்கால், அக்கணக்கிற் சேராதோர் யாவர் என்று வினவாத சோஷலிசம் குறையுடையதே. தோற்ற அப்போராட்டம் வீண்போகவுமில்லை. 1988இல் சாமி மக்களின் மொழியையும் பண்பாட்டையும் காக்கும் கடமை நோர்வேயின் அரசியலமைப்பில் இடம்பெற்றது. 1989இல் அவர்களுக்கென ஒரு பாராளுமன்றம் கூடியது.

மறுநாள் அவ்வகுப்பிற்குச் சென்று, அம்மாணவியின் கேள்விக்கு விடை கூறினோம். முன்னாள் நாம் கூறியது அரைகுறை என்பதையும் சேர்த்தே கூறினோம்.