பெட்டிக்குள் இருந்தது தேனா?

"உங்கள் வீட்டில் தேன்பெட்டி இருக்கிறதாமே! ஒரு பாட்டில் தேன் வேண்டும். மகளுக்குக் குழந்தை பிறந்திருக்கிறது. பிள்ளையின் நாவில் வைக்கக் கலப்படமில்லாத தேன் வேறெங்கே கிடைக்கும்?"

தெருவின் கடைசி வீட்டு மாமி, ஒரு மழை நாளின் அஸர் வேளையில் இப்படிக் கேட்டு வந்து நின்றபோது என்னிடம் மறுமொழி இல்லை. கொல்லையில் கறிவேப்பிலை மரத்தடியில் பெட்டி இருந்தது. அதன் மேல் அறையில் மூன்று சட்டங்கள் மெழுகால் மூடப்பட்டு, கையில் எடுத்தால் கனக்கும்படி நிறைந்திருப்பதை முந்தைய நாள்தான் பார்த்து மகிழ்ந்திருந்தேன். ஆயினும் 'இருக்கிறது' என்று சொல்ல நா எழவில்லை. காரணத்தைச் சொல்வதானால் பெட்டி வந்த கதையிலிருந்து தொடங்க வேண்டும்.

எங்கள் தளவாய்புரத்திலும் அடுத்துள்ள செட்டியார்பட்டி, முகவூரிலும் நைட்டி தைக்காத வீடு குறைவு. நானும் தைப்பவள்தான். தையல் இயந்திரத்தின் ஓசையன்றி வேறு உலகம் அறியாத எனக்குத் தேனீயின் மீது ஆசை பிறந்தது தக்கலையில், ஓர் உறவினர் வீட்டுத் திருமணத்தின்போது. தென்காசியில் பிறந்த ஞானக் கவிஞர் பீர் முகம்மது அப்பா அவர்கள் அடங்கியிருக்கும் அதே தக்கலைதான். அங்கிருந்து மார்த்தாண்டம் சிறிது தூரமே. அங்கே ரப்பர் தோட்டங்களுக்கிடையில், வீட்டுக்கு வீடு சிறு மரப்பெட்டிகள் கால் ஊன்றி நிற்பதைக் கண்டேன்.

தென்னிந்தியாவின் அடுக்குத் தேனீக்கு ஏற்ற அளவில் சிறு பெட்டியை வடிவமைத்தவர் நியூட்டன் என்னும் பாதிரியார். சென்ற நூற்றாண்டின் தொடக்கத்தில் அவர் உருவாக்கிய பெட்டி இன்றும் அவர் பெயராலேயே வழங்குகிறது. 1920களில் மார்த்தாண்டத்தில் ஒய்.எம்.சி.ஏ. சார்பில் ஸ்பென்சர் ஹாட்ச் என்பவர் கிராம மேம்பாட்டுப் பணியைத் தொடங்கியபோது, ஏழைகளின் கைத்தொழில்களுள் ஒன்றாகத் தேனீ வளர்ப்பும் பரவியது.

எனக்குப் பெட்டி தந்த முதியவர் இந்த வரலாற்றைவிட 1991, 92ஆம் ஆண்டுகளைப் பற்றியே மிகுதியாகப் பேசினார். சாக்புரூட் என்னும் நச்சுயிர் நோய் அப்போது தென்னகத்து அடுக்குத் தேனீக் கூட்டங்களில் பெரும்பாலானவற்றை அழித்துவிட்டது. புழுக்கள் நீர் கோத்த பைபோல உப்பி இறக்குமாம். தம் வீட்டுப் பெட்டிகள் அனைத்தும் வெறுமையாகி, பல ஆண்டுகள் விறகுக் கொட்டகையில் கிடந்தன என்றார். "மக்களே, முதல் வருசம் தேனை நினைக்காதே, ஈயை நினை" என்றும் சொன்னார். ஒருவரை அழைத்தாலும் 'மக்களே' என்பது அவ்வூர் வழக்கம். சொல்லை ரசித்தேனேயன்றிப் பொருளை மனத்தில் வாங்கவில்லை.

அந்தி சாய்ந்து ஈக்கள் யாவும் உள்ளே அடைந்த பின் வாயிலை வலையால் அடைத்து, இரவோடிரவாக ஊர் கொண்டுவந்தோம். இரண்டு மாதத் தையல் கூலி அதற்குச் செலவாயிற்று. ஆசை மிகுதியால் நாள்தோறும் பெட்டியைத் திறந்து பார்த்தேன். பெட்டியின் கால்களுக்கடியில் வைத்த நீர்க் கிண்ணங்கள் வெயிலில் வற்றியதைக் கவனிக்கவில்லை. எறும்பு ஏறியது. ஒரு நாள் பஜ்ர் தொழுதுவிட்டுக் கொல்லைக்குச் சென்றேன், ஓசையே இல்லை. அடைகள் மட்டும் இருந்தன. தொல்லை மிகுந்தால் கூட்டத்தோடு வெளியேறிவிடுவது அடுக்குத் தேனீயின் இயல்பு என்பதை அதன் பிறகே அறிந்தேன். என் கணவர் ஒரு சொல்லும் கடிந்து பேசவில்லை. அதுவே எனக்குப் பெரிய கடிதலாக இருந்தது.

இரண்டாவது கூட்டம் வாங்க எட்டு மாதங்கள் ஆயின. இம்முறை நிழலில், வாயில் கிழக்கு நோக்கும்படி, பிள்ளைகள் நடமாடும் வழிக்கு எதிராக இல்லாமல் வைத்தேன். கிண்ணங்களில் காலையும் மாலையும் நீர் பார்த்தேன். ஈ குடிக்க, கூழாங்கல் இட்ட தட்டில் தண்ணீர் வைத்தேன். பத்து நாளைக்கு ஒரு முறை, வெயில் ஏறிய காலை வேளையில் மட்டும் திறந்து, அடிப்பலகையில் விழும் மெழுகுத் தூளைத் துடைத்தேன். அதை விட்டுவைத்தால் மெழுகுப் பூச்சி குடியேறும். கொசுவலையும் வெளிர் நிற நைட்டித் துணியும் சேர்த்து நானே முகவலை தைத்துக்கொண்டேன். கொட்டினால் கொடுக்கை நகத்தால் உடனே சுரண்டி எடுத்துவிட வேண்டும். கொட்டியபின் மூச்சுத் திணறலோ முகவீக்கமோ வந்தால் கைவைத்தியம் பார்க்காமல் மருத்துவமனைக்கு விரைய வேண்டும். தொடங்க விரும்பும் சகோதரிகள் கோவை வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் பயிற்சியைப் பெற்றுத் தொடங்கினால் என்னைப்போல் ஒரு கூட்டத்தை இழக்க நேராது.

ஐப்பசி, கார்த்திகை மழை வந்தது. பூ இல்லை, ஈ வெளியே போகவும் வழியில்லை. சீனியையும் கொதித்தாறிய நீரையும் சம அளவு கலந்து, சிரட்டையில் ஊற்றி, ஈ மூழ்காதிருக்கக் குச்சிகள் இட்டு, அந்தி நேரத்தில் பெட்டிக்குள் வைத்தேன். முதல் கூட்டத்தை இழந்த அச்சத்தில் தேவைக்கு மேல் வைத்துவிட்டேன். ஐந்து கிலோ சீனி செலவாயிற்று. உண்டது போக மிஞ்சியதை ஈக்கள் மேல் அறையில் சேமித்தன. மாமி கேட்ட 'தேன்' அதுதான்.

அன்றிரவு கணவரிடம் சொன்னேன். "ஈ எதைக் குடித்துச் சேர்த்தாலும் அது தேன்தானே?" என்றார். ஒப்புக்கொள்ளவே நானும் விரும்பினேன். சீனிப்பாகையும் ஈ தன் வாயில் ஊறும் நொதியால் மாற்றி, சிறகால் விசிறி நீரை வற்றச் செய்து, மெழுகால் மூடுகிறது. விற்றால், போன கூட்டத்தின் செலவில் ஒரு பங்கேனும் திரும்பும். 2020 டிசம்பரில் தில்லியின் அறிவியல் மற்றும் சுற்றுச்சூழல் மையம் சோதித்த 13 நிறுவனத் தேன்களில் 3 மட்டுமே எல்லாச் சோதனைகளிலும் தேறின. பெரிய கடைகளிலேயே அந்த நிலை என்றால், என் ஒரு பாட்டிலை யார் கேட்கப்போகிறார்கள்?

நன்னி எனக்குச் சிறு வயதில் ஓதக் கற்றுத்தந்த சூரத்துன் நஹ்லின் 68, 69ஆம் வசனங்களை எடுத்துப் பார்த்தேன். தேனில் மனிதருக்கு நிவாரணம் உண்டு என்ற இடத்திலேயே என் கண் இதுவரை நின்றிருந்தது. கனிவர்க்கங்களிலிருந்து உண்ணுமாறு ஈக்கு அறிவிக்கப்பட்டிருப்பது அதற்கு முன்னரே வருகிறது. என் சிரட்டையில் கனியும் இல்லை, மலரும் இல்லை. கடைத்தெருவில் தானியக் குவியலுக்குள் கைவிட்டு, அடியில் இருந்த ஈரத்தை நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் வெளிப்படுத்திய நிகழ்ச்சியும் நினைவுக்கு வந்தது. அந்த வணிகர் ஈரத்தை மேலே வைத்திருந்தால் குற்றமில்லை. நானும் மேலே வைத்துவிடுவது என்று தீர்மானித்தேன்.

மறுநாள் மாமி வீட்டுக்குச் சென்று உள்ளதைச் சொன்னேன். அதோடு நிறுத்தியிருக்கலாம். ஒரு வயது நிறையாத குழந்தைக்கு எந்தத் தேனும் கூடாது என்பதையும் சேர்த்துச் சொன்னேன். தேனில் சில வேளை இருக்கும் ஒரு நுண்ணுயிரின் வித்துகள் பெரியவர்களை ஒன்றும் செய்யா; சிசுவின் குடலில் வளர்ந்து நஞ்சாகி, தசைகளைத் தளரச் செய்யும். நபிகளார் பச்சிளங் குழந்தைகளின் நாவில் தடவியதும் மென்ற பேரீச்சம்பழத்தைத்தான் என்றேன். சொன்னது சரி. இரண்டையும் ஒரே மூச்சில் சொன்னது என் பிழை. "தரமாட்டேன் என்றால் ஒரு வார்த்தையில் சொல்லிவிட்டுப் போயேன்" என்று மாமி உள்ளே எழுந்து போய்விட்டார்கள். அதன் பிறகு தெருவில் என்னைக் கண்டால் பேசுவதில்லை. எங்கள் வீட்டுக்குச் 'சீனித்தேன் வீடு' என்ற பெயரும் பரவியது. உண்மை சொன்னவளுக்குக் கிடைத்த பட்டத்தை எண்ணிச் சில இரவுகள் மனம் வெதும்பியதை மறைக்க விரும்பவில்லை.

அந்த மூன்று சட்டங்களிலும் அடையாளமாகச் சிவப்பு நூல் கட்டி, ஈக்களுக்கே விட்டுவைத்தேன். மழை ஓய்ந்து முருங்கை பூத்தது. பங்குனியில் வேம்பும் பூத்தது. வாயிலில் ஈக்கள் மகரந்தம் சுமந்து நெரிசலாக வந்திறங்கின. நூல் கட்டாத நான்கு சட்டங்கள் மூடியதும், தேன் பிழியும் கருவியை இரவல் வாங்கிச் சுற்றினோம். அல்ஹம்துலில்லாஹ், ஒன்றரைக் கிலோ இருந்தது. வேப்பம்பூவின் மெல்லிய கசப்பு நுனிநாவில் தங்கியது. கீழ் அறையில் இருந்ததைத் தொடவில்லை.

முதல் பாட்டிலை மகனிடம் கொடுத்து மாமி வீட்டுக்கு அனுப்பினேன். 'இது பூத்தேன், மகளுக்கு மட்டும், பிள்ளைக்கு அல்ல' என்று சொல்லச் சொன்னேன். ஒரு வாரம் வரை மறுமொழி இல்லை. பின்பு மாமியே பாட்டிலைக் கழுவி எடுத்துக்கொண்டு வாசலுக்கு வந்தார்கள். வந்த பாத்திரத்தை வெறுமையாகத் திருப்பித் தருவது எங்கள் பக்கத்தில் வழக்கமில்லை. பாட்டில் நிறையச் சீனி இருந்தது.

"மழைக்காலம் வருகிறதல்லவா, உன் ஈக்களுக்கு வைத்துக்கொள்" என்றார்கள்.