பரீட்சை மண்டபத்தில் நீதி

பார்வை குன்றிய மாணவன் ஒருவனுக்குப் பரீட்சையிலே மேலதிக நேரம் வழங்கப்படும்போது, "எங்கள் பிள்ளைக்கும் அந்த நேரம் கிடைத்திருந்தால்!" என்று பெற்றோர் சிலர் பெருமூச்செறிவதை நாம் கேட்டிருக்கிறோம். அதனை வெறும் பொறாமையென்று ஒதுக்கிவிடலாகாது. இசட் புள்ளியின் தசமங்களிலே பல்கலைக்கழக அனுமதி தங்கியிருக்கும் நம் நாட்டில், அக்கேள்விக்கு விடை கூறுதல் ஆசிரியராகிய நமது கடனாகும்.

ஒரு பரீட்சை எதனை அளக்க வருகிறது என்பதையே முதலிற் கேட்டல் வேண்டும். வரலாற்று வினாத்தாள் வரலாற்றறிவை அளப்பது. கண்ணின் கூர்மையை அன்று. பிறெயில் எழுத்தை விரலால் தடவி வாசிப்பவருக்குக் கண்ணால் வாசிப்பவரிலும் கூடிய நேரம் செல்வது இயல்பு. அந்த வேறுபாட்டை ஈடுசெய்வது பட்சபாதமன்று; நடுநிலையேயாம். ஆயின், எழுத்துப்பிழையைச் சோதிக்கும் சொல்வதெழுதலிலே பிறரொருவர் எழுதிக்கொடுத்தால் பரீட்சையே பொய்யாகிவிடும். உதவியானது தடையை நீக்கலாம். அளக்கப்படும் திறமையை இரவல் கொடுத்தலாகாது.

இவ்வுதவியைத் தகுதியற்றோர் கவர்ந்துகொள்ளாரோ என்று அஞ்சுவாரும் உளர். அவ்வச்சம் ஆதாரமற்றதன்று. அமெரிக்காவிலே 2019ஆம் ஆண்டு அம்பலமான பல்கலைக்கழக அனுமதி மோசடியில், பிள்ளைகளுக்குக் கற்றற் குறைபாடு உள்ளதாகக் காட்டி மேலதிக நேரம் பெறுமாறு செல்வந்தப் பெற்றோருக்குத் தரகர் ஒருவர் வழிகாட்டியமை வெளிவந்தது. கள்வர் புகுந்தனர் என்பதற்காகக் கோயிற் கதவை அடியாருக்கும் அடைத்துவிடுவாருண்டோ? பொய்ச் சான்றிதழ் பெற்றவரைத் தண்டிப்போம்; மெய்யாகவே இடர்ப்படுபவரின் வழியை ஒடுக்காதிருப்போம்.

உண்மையில் நாம் பெரிதும் கவலைகொள்ள வேண்டியது, கேட்டுப் பெற்றவரைக் குறித்தன்று. கேட்கவே அறியாதவரைக் குறித்தே. பட்டணத்துப் பிள்ளைக்கு வைத்திய நிபுணரின் சான்றிதழ் எளிதிற் கிட்டும். கிராமத்துப் பிள்ளையோ எழுத்துகள் தடுமாறுவதை எடுத்துரைக்கத் தெரியாமல், "சோம்பேறி" என்ற பெயரைச் சுமந்தபடி பரீட்சை மண்டபத்துள் நுழைகிறது. இலங்கை 2016ஆம் ஆண்டு ஏற்று உறுதிசெய்த, வலுவிழந்தோர் உரிமை பற்றிய ஐக்கிய நாடுகள் சமவாயம், கல்வியிலே நியாயமான வசதியளித்தலை அரசின் கடமையாக்கியுள்ளது. எனினும் அக்கடமை நிறைவேறுவதற்கு முதற்கண் அப்பிள்ளையை ஒருவர் இனங்காணுதல் வேண்டும்.

ஆதலின், பெற்றோரே, பிள்ளை வாசிக்க இடர்ப்பட்டால் பிரம்பைத் தேடாது ஆசிரியரைத் தேடுங்கள். விண்ணப்பப் படிவம் வரும்வரை காத்திராது, கீழ்வகுப்பிலேயே கவனியுங்கள். மாணவர்களே, உங்கள் அருகிலிருப்பவர் மேலதிக நேரம் பெறுவதால் உங்கள் விடைத்தாளிற் புள்ளியொன்றும் குறைவதில்லை. அவருடைய அறிவும் உங்களுடையதைப் போலவே அளக்கப்படுகிறது. அவ்வளவே.