செருகினால் மட்டும் போதுமா?

2009ஆம் ஆண்டின் இறுதியில் கல்லடியில், வாவிக்கரையோரம் உள்ள பெரியம்மா வீட்டிற்குச் சென்றிருந்தேன். புதிய கணினியில் அவரது பழைய வெப்கேம் இயங்க மறுத்தது. இறுவட்டு தொலைந்திருந்தது, தயாரித்த நிறுவனமும் அந்த மாதிரியைக் கைவிட்டிருந்தது.

"நான் அவனைப் பார்க்கிறன். அவனுக்குத்தான் என்னைத் தெரியுதில்லை, மனே" என்றார். மகன் இருப்பது கனடாவில்.

லினக்ஸ் இருந்த என் மடிக்கணினியில் அதைச் செருகினேன். சில விநாடிகளில் பெரியம்மாவின் முகம் திரையில் தெரிந்தது.

இதில் மாயம் ஏதுமில்லை. யூஎஸ்பி கருவியைச் செருகியதும் அது இரண்டு எண்களைச் சொல்கிறது: ஒன்று தயாரிப்பாளருக்கு உரியது, மற்றது மாதிரிக்கு உரியது. அவற்றுக்குப் பொருந்தும் இயக்கி நிரல் தேடி எடுக்கப்பட்டு, இயங்குதளத்தின் கருவான கெர்னலில் இணைக்கப்படுகிறது. பெயரைச் சொல்வது கருவியின் வேலை. அதனோடு பேசும் முறையை ஒரு மனிதர்தான் எழுதிவைக்க வேண்டும். 1998இல் பில் கேட்ஸ் முன்னிலையில் ஸ்கேனரைச் செருகியபோது விண்டோஸ் 98 நீலத்திரையுடன் நின்றுபோனதை உலகமே பார்த்துச் சிரித்தது.

வெப்கேம்களுக்காக அப்படி எழுதியவர் மிஷெல் ஸார் என்ற பிரெஞ்சு மருத்துவர். ஓய்வு நேரத்தில் இருநூறுக்கும் மேற்பட்ட மாதிரிகளை லினக்ஸில் இயங்கவைத்தார். ஊதியம் பெறவில்லை. அவர் தொடங்கிய ஜிஎஸ்பிசிஏ இயக்கி 2008 ஒக்ரோபரில் வெளியான 2.6.27 கெர்னலிலேயே சேர்க்கப்பட்டது.

பெரியம்மாவின் கணினியிலும் லினக்ஸை நிறுவிக்கொடுத்தேன். அன்றிரவு மகன் தாயைப் பார்த்தான். அந்த மருத்துவரின் பெயரைப் பெரியம்மாவிடம் சொன்னேன். "நல்லா இருக்கட்டும்" என்றார்.