குளிர்நீரும் தோழமையும்

கடலில் நீந்துவோன் எதனால் வெல்கிறான் என்று கேட்டால், கைவன்மையால் என்பர் சிலர். நெஞ்சுரத்தால் என்பர் பலர். இரண்டும் உண்மையே. ஆயின் இவ்விரண்டுக்கும் முன்னே நிற்பது வேறொன்று. அஃது உடற்சூடு. கையும் நெஞ்சும் உழைப்பது அச்சூடு உள்ளவரைதான். அது வடிந்துவிட்டால் மல்லனின் கையும் மரக்கட்டையே. அந்தச் சூட்டைக் காப்பவர் யார், எவ்வாறு காக்கின்றனர், யாருடைய செலவில் காக்கின்றனர் என்பதை இங்கே சிறிது ஆராய விழைகின்றோம்.

கல்முனைக் கரையில் வாழும் நமக்கு இது வேண்டாத ஆராய்ச்சி எனத் தோன்றலாம். மருதமுனை முதல் நிந்தவூர் வரை நம் வாசலில் அலையடிப்பது வங்கக் கடல். ஆண்டின் பெரும்பகுதியில் அதன் நீர் 27, 28 பாகைச் சூட்டில் இருக்கும். பனியும் பனிக்கட்டியும் நமக்குப் புத்தகச் செய்திகள். ஆனால் இயற்கையின் கணக்கு வேறு. நம் உடலின் உட்சூடு 37 பாகை. காற்றைவிட ஏறத்தாழ 25 மடங்கு விரைவில் நீர் உடலின் சூட்டைக் கவர்ந்து செல்கிறது. அசையாது கிடக்கும் ஒருவன் தன் சூட்டை இழக்காதிருக்க வேண்டுமாயின் நீர் 33 பாகைக்கு மேலாவது இருத்தல் வேண்டும். எனவே 28 பாகை நீர் இதமானதுதான் எனினும் அதுவும் கொள்ளைக்காரனே. மெல்லத் திருடும் கொள்ளைக்காரன். ஆங்கிலக் கால்வாயின் நீர் ஒரே மூச்சில் பறிப்பதை நம் கடல் நாள் முழுவதும் இருந்து எடுத்துக்கொள்கிறது.

இதனை அறியப் புத்தகம் வேண்டியதில்லை. மாரி தணிந்து கரைவலை மீண்டும் கடலில் இறங்கும் தை, மாசி விடியல்களில், சுபஹுத் தொழுகை முடிந்து கடற்கரைப் பக்கம் நடப்பவர் எவரும் இதனைக் காணலாம். நாமும் பல காலைகளில் கண்டிருக்கின்றோம். தோணி வலையை வளைத்து வந்துவிட்டது. இரு புறமும் கயிறு பிடித்தவர் இழுக்கின்றனர். வலையின் மடி கரையை நெருங்கும்போது சிலர் கழுத்தளவு நீரில் இறங்கி, அது கிழியாமலும் மீன் தப்பாமலும் பார்த்துக்கொண்டு கூடவே வருகின்றனர். அவர்கள் கரையேறும் நேரத்தில் வாடைக்காற்று வீசுகிறது. நீரில் இருந்தபோது தெரியாத குளிர் அப்போது தெரிகிறது. நனைந்த சாரனோடு நிற்கும் மனிதனின் தாடை நடுங்குகிறது. விரல் மடங்க மறுக்கிறது. வாடியில் யாரோ ஒருவர் நீட்டும் இஞ்சிப் பிளேன்டியை இரு கைகளாலும் பொத்திப் பிடித்துக்கொண்டுதான் அவர் முதல் வார்த்தையைப் பேசுகிறார். மீன் விலைபோய்ப் பங்கு பிரிக்கும்போது வலைக்கு ஒரு பங்குண்டு, தோணிக்கு ஒரு பங்குண்டு. அந்த நடுக்கத்துக்குத் தனிப் பங்கு வைத்தவரை நாம் கண்டதில்லை.

உண்மையில் குளிர்ந்த நீரில் மனித உடல் படும் பாடு என்ன? விஞ்ஞானிகள் அதனை மூன்று கட்டங்களாகப் பிரித்துக் கூறுவர். நீரில் விழுந்த முதல் ஓரிரு நிமிடங்களில் தோல் திடுக்கிடுகிறது. மூச்சு தன்னை அறியாமலே இழுபடுகிறது, நெஞ்சு படபடக்கிறது. அந்த மூச்சிழுப்பின்போது முகம் நீருக்குள் இருந்தால் அதுவே முடிவாகிவிடக்கூடும். அடுத்த பத்து முதல் முப்பது நிமிடங்களுக்குள் கை கால்களின் நரம்பும் தசையும் குளிர்ந்து சொற்கேளாமற் போகின்றன. நீந்தத் தெரிந்தவனும் நீந்த முடியாதவனாகின்றான். அதற்கும் பின்னரே உட்சூடு 35 பாகைக்குக் கீழே இறங்கும் மூன்றாம் கட்டம் வருகிறது. குளிர்நீரில் மாண்டவர் எல்லாரும் உறைந்து மாண்டவர் என்று நாம் நினைக்கின்றோம். அவர்களுட் பலர் உறைவதற்கு வெகு முன்னரே, முதலிரு கட்டங்களில் மூழ்கி மாண்டவர்கள்.

இந்த மூன்றாம் கட்டத்தில்தான் மிகக் கொடிய ஒன்று நிகழ்கிறது. உட்சூடு குறையக் குறைய அறிவும் மங்குகிறது. நடுக்கம் நின்றுவிடுகிறது; நின்றதும் குளிர் விட்டுப் போனதாக மனம் மயங்குகிறது. நாக்குக் குழறுகிறது. கரை எத்திசை என்பது மறக்கிறது. 'இன்னும் சிறிது தூரம் நீந்துவேன்' என்று அவன் சொல்வான்; அவ்வாறு சொல்லும் மூளையே தளர்ந்துபோயிருப்பதை அவன் அறியான். குளிரும் உடல் தன்னைத் தானே அறியாது. அதனை அறிய வேறொரு கண் வேண்டும். கரையிலோ படகிலோ விழித்திருக்கும் ஒரு தோழனின் கண் அது.

தமிழ் பேசும் மக்களின் கடல்நீச்சல் வரலாற்றில் இந்த உண்மை எழுதப்பட்டிருக்கிறது. தொண்டைமானாற்றைச் சேர்ந்த மு. நவரத்தினசாமி 1954இல் வல்வெட்டித்துறையிலிருந்து கோடிக்கரைக்குப் பாக்கு நீரிணையை 27 மணி நேரத்தில் நீந்திக் கடந்தார். வல்வெட்டித்துறை மைந்தர் ஆனந்தன் 1971இல் தலைமன்னாரிலிருந்து தனுஷ்கோடிக்குச் சென்று, மீண்டும் தலைமன்னாருக்கே நீந்தி வந்தார். 51 மணி நேரம்! மக்கள் அவரை ஆழிக்குமரன் என்றழைத்தனர். இவர்களுடைய தோள்வலிமைக்கு நாம் தலை வணங்குகின்றோம். அதே வேளையில், அந்த நீரிணையின் நீர் நம் கடலைப் போலவே வெதுவெதுப்பானது என்பதையும் மறத்தலாகாது. இரவும் பகலும் ஒருவர் நீந்துவதற்கு அக்கடல் இடம் கொடுத்தது.

1984 ஆகஸ்டில் அதே ஆனந்தன் ஆங்கிலக் கால்வாயில் இறங்கினார். அம்முயற்சியிலேயே உயிர் நீத்தார். கோடை உச்சத்திலும் அக்கால்வாயின் நீர் 15 முதல் 18 பாகை வரையே இருக்கும். ரப்பர் உடை அணிந்து நீந்துவோரைக் கால்வாய் நீச்சலின் மரபான விதி ஏற்பதில்லை. உடலில் கொழுப்புப் பூசலாம். துணைப்படகிலிருந்து நீளக்கம்பில் நீட்டும் சூடான பானத்தைப் பருகலாம். ஆனால் படகைத் தொடலாகாது. 1875இல் முதன்முதலாகக் கால்வாயைக் கடந்த மத்தேயு வெப் கடற்பன்றியின் எண்ணெயைப் பூசிக்கொண்டார். அத்தகைய பூச்சு தோல் உராய்வைத் தடுக்குமேயன்றிக் குளிரைப் பெரிதும் தடுப்பதில்லை என்பதை இன்று அறிவோம். அங்கு உண்மையான கவசம் பழக்கம் ஒன்றே. வாரக்கணக்கில், மாதக்கணக்கில் குளிர்நீரில் நாள்தோறும் இறங்கினால் முதற்கட்டத் திடுக்கம் தணிகிறது. உடல் மெல்லக் கற்றுக்கொள்கிறது. ஆனால் வெப்ப நாட்டு மனிதன் அதனைக் கற்க அயல்நாட்டுக் கரையில் தங்க வேண்டும், உண்ண வேண்டும், வாடகை கொடுக்க வேண்டும். ஆகவே அந்தப் பழக்கமும் விலைகொடுத்து வாங்குவதே.

வெப்ப நாட்டார் இதனை வெல்ல முடியாதவர் அல்லர். 1958இல் கிழக்கு வங்கத்தின் பிரஜன் தாசும், கல்கத்தாவின் மிகிர் சென்னும் கால்வாயைக் கடந்தனர். மறு ஆண்டு ஆரதி சாகா கடந்தார். ஆசியப் பெண்களுள் முதல்வர் அவரே. கல்கத்தாக் குளமொன்றில் மணிக்கணக்காக நீந்திப் பயின்றவர் அவர். முதல் முயற்சியில் தோற்றுச் சில வாரங்களுக்குள் மீண்டும் இறங்கி வென்றார். அவர் கடல் கடந்து செல்லப் பணம் திரட்டியவர் பலர். மேற்கு வங்க முதலமைச்சர் பி. சி. ராயும் கைகொடுத்தார். நீந்தியவர் ஒருவர். ஆயினும் அவரைக் கரைசேர்த்ததில் ஒரு நகரத்துக்கே பங்கிருந்தது.

ஆனந்தன் மறைந்த அதே 1984ஆம் ஆண்டில், மார்ச் மாதத்தில், உலகின் மற்றொரு மூலையில் ஒரு மீனவனின் கதை நிகழ்ந்தது. ஐஸ்லாந்தின் தென்கரைக்கு அப்பாலுள்ள வெஸ்ட்மன் தீவுகளின் அருகே இரவில் ஒரு மீன்பிடிப் படகு கவிழ்ந்தது. ஐவரில் மூவர் கவிழ்ந்த படகின் மேல் ஏறினர். அதுவும் மூழ்கவே கரையை நோக்கி நீந்தினர். குட்லோகர் பிரிட்டோர்சன் என்னும் இளைஞர் ஒருவரே கரை கண்டார். நீரின் சூடு 5, 6 பாகை. ஐந்து மணி நேரத்துக்கு மேல் நீந்தினார். தோலின்கீழ் இருந்த தடித்த கொழுப்பே அவரைக் காத்தது என்று பின்னர் ஆராய்ந்த மருத்துவர் கூறினர். ஆனால் அவர் தாமே சொன்ன செய்தியொன்று நம் நெஞ்சைத் தொடுகிறது. நினைவு மங்காதிருக்க, தலைக்கு மேலே பறந்த கடற்பறவைகளோடு அவர் பேசிக்கொண்டே நீந்தினாராம். தோழர் இருவரும் மறைந்தபின் பறவையையாவது தோழனாக்கிக்கொண்டது அந்த மனித மனம்!

அந்நாட்டார் இதனை ஓர் அற்புதமென்று பேசி ஓய்ந்துவிடவில்லை. மறு ஆண்டே, 1985இல், கடற்றொழிலாளருக்கான உயிர்காப்புப் பயிற்சி நிலையம் அங்கே தொடங்கப்பட்டது. படகில் ஏறுவோர் அனைவரும் குளிர்நீரில் உயிர்காக்கும் வழியைக் கற்க வேண்டும் என்ற நிலை படிப்படியாக உருவாயிற்று. ஒருவனின் தற்செயலான கொழுப்பை நம்பியிராமல், அறிவை அனைவரின் உடைமையாக்க முனைந்தனர். இதுவே சமூகம் செய்யத்தக்க வேலை.

இனி, விளையாட்டுலகைப் பாருங்கள். நீச்சல், சைக்கிள், ஓட்டம் என மூன்றையும் தொடர்ச்சியாகச் செய்யும் டிரையத்லன் போட்டி 2000ஆம் ஆண்டு சிட்னியில் ஒலிம்பிக்கில் இடம்பெற்றது. அதில் குளிருக்கென்றே விதிகள் உண்டு. நீர் 16 பாகைக்குக் கீழே இருந்தால் நியோப்ரீன் என்னும் செயற்கை ரப்பர் உடை கட்டாயம். 12 பாகைக்குக் கீழே போனால் நீச்சலே நிறுத்தப்படும். அந்த ரப்பருக்குள் நுண்ணிய வாயுக் குமிழிகள் அடைபட்டிருக்கின்றன. சூடு வெளியேறாமல் தடுப்பவை அவையே. வீரர் இரட்டைத் தொப்பி அணிவர். போட்டிக்கு முன் முகத்தை நீரில் நனைத்து மூச்சைப் பழக்குவர். பாதுகாப்புப் படகுகள் சுற்றி நிற்கும். விளையாட்டுக்கு இத்தனை காவல் வேண்டும் என்பதில் நமக்கு மறுப்பில்லை, வேண்டியதே. ஆனால் ஒன்றரைக் கிலோமீற்றர் நீந்திப் பதக்கம் பெறுவோனின் சூட்டுக்கு விதி எழுதிய உலகம், வாழ்நாளெல்லாம் நீரில் நின்று நமக்கு மீன் தருவோனின் சூட்டுக்கு என்ன விதி எழுதியது? இக்கேள்வியைக் கேட்காமல் வீரத்தைப் பற்றிப் பேசுவது பாதி உண்மையே.

விலையின்றிக் கிடைக்கும் அறிவும் உண்டு. அதை வாடியிலும் வகுப்பறையிலும் சொல்ல வேண்டும். கடலில் விழுந்தவர் முதல் நிமிடத்தில் நீந்த முனையலாகாது; மல்லாந்து மிதந்து, மூச்சுத் தணிந்த பின்னரே செயலில் இறங்க வேண்டும். உயிர்காப்பு அங்கி அணிந்து தனியே மிதப்பவர் முழங்கால்களை மார்போடு அணைத்துக்கொண்டால் சூடு மெதுவாகவே கழியும். பலராக விழுந்தால் ஒருவரையொருவர் அணைத்து நெருங்கி மிதக்க வேண்டும். கரைசேர்த்தவரைப் படுத்த நிலையில் வைத்து, ஈர உடை களைந்து, உலர்ந்த துணியால் தலை உட்பட மூட வேண்டும். கை கால்களைத் தேய்க்கலாகாது. அங்கே தேங்கிய குளிர்ந்த இரத்தம் நெஞ்சை நோக்கிப் பாயும். நீரைவிட்டு வந்த பின்னும் சிறிது நேரம் உட்சூடு இறங்கிக்கொண்டே இருக்கும். ஆதலின் 'கரைக்கு வந்துவிட்டான், பிழைத்தான்' என்று விட்டுவிடலாகாது. நினைவு தெளிவாக இருந்தால் இனிப்பான சூடான தேநீர் கொடுக்கலாம். சாராயம் சூடு தரும் என்பது பொய். அது தோலின் இரத்தக் குழாய்களை விரித்து உள்ள சூட்டையும் வெளியேற்றும்.

இதிலே எதற்கும் அயல்நாட்டு ரப்பர் வேண்டியதில்லை. தேநீர் நம் மலையகத் தொழிலாளர் கொய்தது. உலர்ந்த துணிக்கு மருதமுனைக் கைத்தறி இருக்கிறது. அந்நெசவாளர் நெய்த சாரன் ஒன்று தோணியிலும் வாடியிலும் நனையாமல் மடித்து வைக்கப்பட்டிருந்தால் அதுவும் ஓர் உயிர்காப்புக் கருவியே. குறைவது பொருளன்று, ஒழுங்கு. ஒவ்வொரு தோணிக்கும் உயிர்காப்பு அங்கி வேண்டும். அதன் செலவு வலைக்கும் தோணிக்கும் போகும் பங்கிலிருந்து வர வேண்டும். ஒவ்வொரு கரையோரப் பாடசாலையிலும் நீச்சல் பாடம் வேண்டும். அது பெண்பிள்ளைகளுக்கும் வேண்டும். 2004 டிசெம்பர் 26இல் கடல் எழுந்தபோது என்ன நேர்ந்தது? அம்பாறைக் கரையின் அகதி முகாம்களில் பின்னர் எடுத்த கணக்கில், பெண்களின் இறப்பு வீதம் ஆண்களுடையதைப் போல இரு மடங்காக இருந்தது. அத்தகைய பேரலையை நீச்சலால் மட்டும் வெல்ல இயலாது என்பது மெய்தான். ஆயினும் கடலோரத்தில் பிறந்த மக்களில் ஒரு பாதியினரைக் கடலுக்கு அந்நியராக வளர்ப்பதை எந்த நியாயமும் தாங்காது. அடக்கமான உடையும் தனியான இடமும் பெண் ஆசிரியரும் அமைத்துக் கொடுப்பது நம் ஊர்களால் ஆகாத காரியமன்று.

ஆசிரிய நண்பர்களே, மாணவத் தோழர்களே! விஞ்ஞான பாடத்தில் வெப்பக் கடத்தல் வரும்போது இரும்புக் கோலையும் மெழுகையும் காட்டுவதோடு நிறுத்திவிடாதீர்கள். கரைவலை இழுத்துவிட்டு வந்து நடுங்கும் மனிதரையும் காட்டுங்கள். வகுப்பில் இருப்போருள் சிலருக்கு அவர் தந்தையாக இருப்பார். ஆழிக்குமரனின் புகழைப் பேசுங்கள். அவர் இறங்கிய நீரின் குளிரையும் பேசுங்கள். தனியொருவன் தன் உடலுக்குள் வைத்திருக்கும் சூடு சில மணி நேரத்துக்கே போதும். அதற்கப்பால் அவனைக் காப்பது படகிலிருப்போன் நீட்டும் கோப்பையும், நெசவாளி தந்த துணியும், ஆசிரியன் தந்த அறிவும், அவை எல்லாருக்கும் கிடைக்கச் செய்யும் நீதியுமே.