பழனி ரோட்டுல ஒரு குட்டி ஆஸ்பத்திரி!

திண்டுக்கல்லில் இருந்து பழனிக்கு பஸ்ஸில் போயிருக்கீங்களா? சுமார் 60 கிலோமீட்டர். ஜன்னலோர சீட் கிடைச்சா ஒரு குட்டித் தூக்கம்... ஊர் வந்துடும்!

அதே ரோட்டை தைப்பூசத்துக்கு முந்தின நாட்களில் பாருங்க. பச்சையும் காவியுமா கூட்டம், தோளில் காவடி, வழியெல்லாம் 'அரோகரா'. காரைக்குடி, சிவகங்கை, மதுரைப் பக்கம் இருந்தெல்லாம் நடந்தே வர்றாங்க. பலர் காலில் செருப்பு கிடையாது.

ஒட்டன்சத்திரம் தாண்டினால் இடது பக்கம் மலை, பனியில் மங்கலாத் தெரியும். அங்கே ரோட்டோரம் ஒரு சாமியானா. நீர்மோர்ப் பந்தல்னு நுழைஞ்சா ஏமாந்துடுவீங்க. உள்ளே ஒரு ஸ்கூலின் ஜே.ஆர்.சி. பசங்க. அதாங்க, ஜூனியர் ரெட் கிராஸ். ரெண்டு பெஞ்ச், ஒரு பேசின், பஞ்சு, கட்டுத்துணி, ஓ.ஆர்.எஸ். பாக்கெட். அவ்வளவுதான் ஆஸ்பத்திரி!

"எதுக்குப்பா இதுல சேர்ந்தே?" என்று ஒன்பதாம் வகுப்புப் பையனைக் கேட்டேன். "சர்டிபிகேட்டுக்குத்தான்ணா!" கொஞ்சம்கூட கூச்சமில்லாத பதில்.

வருகிறவர்களிடம் இவங்க கேட்கிற முதல் கேள்வி, "சுகர் இருக்கா?" ஏன் தெரியுமா? சர்க்கரை நோயாளி பலருக்குப் பாதத்தில் உணர்ச்சி குறைஞ்சிருக்கும். காயம் பட்டதே தெரியாது. அவங்களை உடனே டாக்டரிடம் அனுப்பிடணும்.

அன்று ஒரு பெரியவர் நொண்டிக்கொண்டே வந்து உட்கார்ந்தார். நம்ம பையன் கையுறை மாட்டிக்கொண்டு குனிந்தான். அவர் சட்டென்று காலை இழுத்துக்கொண்டார். "வேணாம் சாமி... நீங்க போயி எங்காலைத் தொடக் கூடாது."

ஏன் என்று அவர் சொல்லவில்லை. சொல்லாமலே புரிகிற ஊர்தானே நம்ம ஊர்?

பையன் ஒரு நிமிஷம் திகைத்தான். அப்புறம் குவளையில் தண்ணீர் மொண்டான். "தாத்தா, எரிஞ்சா சொல்லுங்க." சேறு போகக் கழுவி, துடைத்து, கொப்புளத்தைக் குத்தாமல் மேலே மெத்தென்று துணி வைத்து ஒட்டினான். பெரியவர் பேசவே இல்லை. கிளம்பும்போது அவன் தலையில் கை வைத்தார். அவ்வளவுதான்.

"முதல்ல அருவருப்பாதான் இருந்துச்சுண்ணா. கழுவக் கழுவ... எங்க தாத்தா காலு மாதிரியே இருந்துச்சு" என்றான். சர்டிபிகேட் பேச்சு அப்புறம் வரவே இல்லை!

1859-ல் இத்தாலியில் சோல்ஃபெரினோ போர். காயம்பட்ட சிப்பாய்களை எந்த நாட்டுக்காரன் என்று பார்க்காமல் பக்கத்து ஊர் மக்கள் கவனித்தார்கள். அவர்களோடு நின்ற ஹென்றி டூனான்ட் மனதில் விழுந்த விதைதான் ரெட் கிராஸ். அதே விதை நம்ம பழனி ரோட்டிலும் முளைச்சிருக்கு, பார்த்தீங்களா?

பந்தலில் நான் கத்துக்கிட்டது:

* தீக்காயமா? 20 நிமிஷம் குழாய்த் தண்ணீரில் காட்டுங்க. பேஸ்ட், இங்க் வேண்டாம்.
* மூக்கில் ரத்தமா? தலையை அண்ணாத்தாதீங்க. முன்னால் குனிஞ்சு, மூக்கின் மென்மையான பகுதியை 10 நிமிஷம் பிடிங்க.
* வலிப்பா? கையில் சாவி கொடுக்காதீங்க. தலைக்குக் கீழே துணி வைங்க. வலிப்பு நின்றதும் ஒருக்களிச்சுப் படுக்க வைங்க. அஞ்சு நிமிஷம் தாண்டினா 108!

ஸ்கூல்னா ஜே.ஆர்.சி., காலேஜ்னா யூத் ரெட் கிராஸ். உங்க கேம்பஸிலும் இருக்கான்னு விசாரிங்க. சர்டிபிகேட்டுக்காகச் சேர்ந்தாலும் பரவாயில்லை... தைப்பூசத்துக்கு ஒரு தடவை இந்த ரோட்டுக்கு வந்துட்டுப் போங்க. மத்ததை அந்தப் பாதங்கள் கத்துக்கொடுத்துடும்!